‘பி பிளஸ்’ பிறந்த கதை

எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு எப்படி மருந்து கொடுப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் இரண்டு வழிகளை வகுத்தது. ஒன்றுக்கு ‘ஏ’ என்றும் இன்னொன்றுக்கு ‘பி’ என்றும் பெயர். எந்த நாடும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள மலாவி இரண்டையும் புரட்டிப் பார்த்தது. இரண்டும் நமக்குச் சரிப்படாது என்று ஒதுக்கிவிட்டு, மூன்றாவதாக ஒன்றைத் தானே வகுத்துக்கொண்டது. அதற்கு ‘பி பிளஸ்’ என்று பெயர் விழுந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகச் சுகாதார நிறுவனமே அந்த வழிக்கு வந்து சேர்ந்தது.

பணக்கார நாடு கண்டுபிடிக்கும், ஏழை நாடு பத்து வருஷம் கழித்துப் பின்பற்றும் என்பதே மருத்துவத்தில் பழக்கப்பட்ட வரிசை. இங்கே அது தலைகீழாக நடந்தது. இத்தனைக்கும் மலாவியில் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டு அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொள்ள அவர்களிடம் போதிய பரிசோதனைக் கருவிகள் இல்லை. அந்த இல்லாமையிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது.

ஐந்து வேளை மாத்திரை

எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்கு மூன்று கட்டங்களில் போகலாம்: கர்ப்பத்தில், பிரசவத்தின்போது, பிறகு தாய்ப்பால் வழியாக. எந்த மருந்தும் கொடுக்காமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகும். இதைத் தடுக்க முடியும் என்று முதன்முதலில் காட்டிய ஆய்வு 1994இல் வெளிவந்தது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த அந்த ஆய்வுக்கு ஏ.சி.டி.ஜி. 076 என்று பெயர். ஏ.இசட்.டி. என்ற மருந்து சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 8.3 சதவீதத்துக்குத்தான் தொற்று வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் அது 25.5 சதவீதம்.

முடிவு அற்புதம்தான். ஆனால் அந்த மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பிரசவ வலி வந்ததும் நரம்பு வழியே தொடர்ந்து ஏற்ற வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரப், ஆறு வாரத்துக்கு. தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. மசக்கையில் சோறே தங்காத பெண்ணுக்கு ஐந்து வேளை மாத்திரை எப்படித் தங்கும், குளிர்பதனப் பெட்டியும் பால்பொடியும் சுத்தமான தண்ணீரும் இல்லாத ஊரில் மற்றதெல்லாம் எப்படி நடக்கும் என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வில் இடமில்லை. ஆப்பிரிக்கப் பெண்களுக்கு அது காகிதத்தில் இருந்த வைத்தியம்.

அவர்களுக்கென்று வந்தது நெவிரபின். உகாண்டாவின் கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையில் நடந்த ஆய்வின் முடிவுகள் 1999இல் வெளியாயின. வலி தொடங்கியதும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை. பிறந்து மூன்று நாளைக்குள் குழந்தைக்கு ஒரே ஒரு முறை மருந்து. இவ்வளவுதான். குறுகிய கால ஏ.இசட்.டி.யுடன் ஒப்பிட்டால் தொற்று கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அரசாங்கங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. கொடுக்கத் தயங்கிய தென்னாப்பிரிக்க அரசை எதிர்த்து நோயாளிகளின் இயக்கம் வழக்குப் போட்டது. கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

ஒரே மாத்திரைதானே, அதை விழுங்குவதில் என்ன சிரமம் இருக்கும்? இருந்தது. கேமரூன், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. எச்.ஐ.வி. உள்ள தாயும் அவர் குழந்தையுமாக இருவருக்குமே மருந்து போய்ச் சேர்ந்திருந்தது ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான். பரிசோதனைக்கு வராதவர், வந்தும் முடிவை வாங்காதவர், மாத்திரையை வாங்கியும் விழுங்காதவர் என்று வழிநெடுகிலும் பெண்கள் உதிர்ந்துபோயிருந்தார்கள்.

இன்னொரு கேடும் இருந்தது. நெவிரபின் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ஒரே மாத்திரை போட்டு நிறுத்தினால், வைரஸை அடக்கப் போதாத அளவில் அது நாள்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். அந்த இடைவெளியில் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடக்கூடும். பிற்பாடு அந்தத் தாய்க்கே சிகிச்சை தேவைப்படும்போது அந்த வகை மருந்து வேலை செய்யாமல் போகலாம். பிள்ளையைக் காப்பாற்றிய மாத்திரை தாயின் கையிலிருந்த மருந்தைப் பறித்துக்கொண்டது.

கருவி கேட்ட அறிவுரை

இந்தப் பின்னணியில்தான் 2010இன் ‘ஏ’யும் ‘பி’யும் வந்தன. இரண்டுக்கும் அடிப்படை சிடி4 என்னும் பரிசோதனை. எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் வெள்ளை அணுக்களை எண்ணிச் சொல்வது அது. எண்ணிக்கை 350 அல்லது அதற்குக் கீழே என்றால் தாய்க்கே நோய் முற்றுகிறது, அவருக்கு வாழ்நாள் முழுக்க மூன்று மருந்துச் சிகிச்சை. 350க்கு மேலே என்றால் தாய்க்கு இப்போதைக்கு வேண்டாம், குழந்தையைக் காக்கிற அளவுக்கு மட்டும் மருந்து. ‘ஏ’ வழியில் தாய்க்கு 14ஆம் வாரத்திலிருந்து ஏ.இசட்.டி., குழந்தைக்குப் பால் குடிக்கும் காலம் முழுக்க தினமும் நெவிரபின். ‘பி’ வழியில் தாய்க்கே மூன்று மருந்துகள். பால் மறக்கடித்ததும் நிறுத்திவிடலாம்.

மலாவியின் சுகாதார அமைச்சகத்தில் இதைப் படித்தவர்கள் தங்கள் நாட்டுப் பெண்ணை நினைத்துக் கணக்குப் போட்டார்கள். வயது வந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த நாடு அது. மக்களில் பெரும்பாலோர் கிராமங்களில் இருந்தார்கள். சிடி4 கருவி இருந்த ஊர்கள் குறைவு. இருந்த இடத்திலும் இரத்தம் கொடுத்தவர் முடிவுக்காக இன்னொரு முறை நடந்து வர வேண்டும். அதற்குள் கர்ப்பம் முற்றிவிடும். ஆக, எந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து என்று பிரிக்கும் முதல் படியிலேயே ஏணி ஒடிந்திருந்தது.

அடுத்தது பிள்ளைக் கணக்கு. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலாவியில் ஒரு பெண் சராசரியாக 5.7 பிள்ளைகள் பெற்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாய்ப்பால். ‘பி’ சொல்கிறபடி பால் மறக்கடித்ததும் மருந்தை நிறுத்தினால், கொஞ்ச நாளில் அடுத்த கர்ப்பம் வந்து நிற்கும். மறுபடி பரிசோதனை, மறுபடி மருந்து, மறுபடி நிறுத்தம். சிகிச்சையை இடையிடையே நிறுத்துவது ஆபத்து, சாவைக்கூட அதிகப்படுத்துகிறது என்று 2006இல் வெளிவந்த ‘ஸ்மார்ட்’ என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியிருந்தது. அப்படியிருக்க ஒரே பெண்ணின் உடம்பில் நான்கைந்து முறை மருந்தை ஏற்றி இறக்குவானேன்?

கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு ஒரு வரியில் அடங்கும். கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா? இருந்தால் அன்றே மூன்று மருந்து தொடங்கு, ஆயுளுக்கும் நிறுத்தாதே. சிடி4 எண்ணத் தேவையில்லை. அடுத்த குழந்தை கருவில் உருவாகும்போதே தாயின் உடம்பில் மருந்து இருக்கும். கணவருக்குத் தொற்று இல்லையென்றால் அவருக்கும் இது பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாயும் பிழைத்திருப்பார்.

எரிக் ஸ்கௌட்டன், ஆண்ட்ரியாஸ் யான், அந்தோணி ஹாரிஸ், அமைச்சகத்தின் எச்.ஐ.வி. பிரிவைச் சேர்ந்த ஃபிராங்க் சிம்ப்வந்திரா முதலானோர் சேர்ந்து இந்த வாதத்தை 2011இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இவர்களில் ஹாரிஸ் காசநோய்த் திட்டத்திலிருந்து வந்தவர். எல்லாருக்கும் ஒரே வகை மருந்து, எளிய பதிவேடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது என்ற காசநோய்த் திட்டத்தின் ஒழுங்கை எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் கொண்டுவர வேண்டும் என்று 2001இலேயே எழுதியவர். மலாவி அந்த ஒழுங்கில் ஏற்கெனவே பழகியிருந்தது. சிகிச்சை தொடங்க டாக்டருக்காகக் காத்திராமல், பயிற்சி பெற்ற நர்சுகளே மருந்து கொடுக்கும் ஏற்பாடும் அங்கே இருந்தது. ‘பி பிளஸ்’ வேரூன்றியதற்கு இந்த முன்தயாரிப்பும் ஒரு காரணம்.

உலகம் உடனே தலையாட்டவில்லை. ஆய்வு நடத்தி நிரூபிக்காத ஒன்றை ஒரு நாடே எப்படித் தொடங்கலாம் என்று நிபுணர்கள் கேட்டார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு ஆயுள் மருந்து கொடுத்தால், நோய் முற்றிக் காத்திருக்கும் மற்றவர்களுக்குப் போதுமா என்றார்கள். குழந்தைக்காகத் தாயின் மீது மருந்தைத் திணிப்பதாகாதா என்ற கேள்வியும் வந்தது. கேள்விகள் நியாயமானவை. ஆனால் 2011 மே மாதம் வேறொரு செய்தி வந்தது. தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 சதவீதம் குறைகிறது என்று எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு அறிவித்தது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் மலாவியின் லிலோங்வேயும் பிளான்டைரும் உண்டு. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், மலாவி ‘பி பிளஸ்’ஸைத் தொடங்கிவிட்டது.

இரவு மாத்திரை

கொடுத்தது ஒரே மாத்திரை: டெனோஃபொவிர், லாமிவுடின், எஃபவிரென்ஸ் மூன்றும் ஒன்றாக. மலாவியின் மருந்துப் பட்டியலில் அதற்கு ‘5ஏ’ என்று பெயர். எஃபவிரென்ஸ் முதல் சில வாரங்களுக்குத் தலைசுற்றலையும் விசித்திரமான கனவுகளையும் தரும் என்பதால் இரவில் படுக்கப்போகும்போது சாப்பிடச் சொன்னார்கள். மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடக்கி மலிவு விலைக்குக் கொண்டுவந்ததில் இந்திய மருந்து நிறுவனங்களின் பங்கு பெரிது. 2001இல் சிப்லா நிறுவனம் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலைக்குக் கூட்டு மருந்து தருகிறேன் என்று முன்வந்திராவிட்டால், ஏழை நாடுகளில் ஆயுள் சிகிச்சை என்ற பேச்சே எழுந்திருக்காது.

பலன் வேகமாகத் தெரிந்தது. 2011இன் இரண்டாம் காலாண்டில் மலாவியில் சிகிச்சை தொடங்கிய கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 1,257 பேர். 2012இன் மூன்றாம் காலாண்டில் அந்த எண்ணிக்கை 10,663. ஒன்றேகால் ஆண்டில் எட்டு மடங்குக்கும் மேல். கருவிகளும் டாக்டர்களும் குறைவாக இருந்த ஒரு நாடு செய்து காட்டிய கணக்கு இது.

இந்த எண்களைத் தந்த அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. திட்டத்தின் முதல் காலாண்டில் தொடங்கியவர்களில் ஓராண்டு கழித்தும் சிகிச்சையில் இருந்தவர்கள் 77 சதவீதம். மற்றப் பெரியவர்களின் கணக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் அதிகாரிகள் மனம் தளரவில்லை. ஆனாலும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள்?

2014இல் வெளியான ஆய்வு கொஞ்சம் நெருங்கிப் பார்த்தது. ‘பி பிளஸ்’ஸில் சேர்ந்த பெண்களில் 17 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் தொடர்பு விட்டுப்போயிருந்தார்கள். நோய் முற்றியதால் சிகிச்சை தொடங்கிய பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்கள் முதல் நாளுக்குப் பிறகு திரும்பியே வராமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு. நோய் தெரிந்த அதே நாளில், பெரிய மருத்துவமனையில் மருந்தைக் கையில் வாங்கிய கர்ப்பிணிகள்தான் அதிகம் விட்டுப்போனவர்கள். சில மையங்களில் ஒருவர்கூட விடவில்லை. வேறு சில மையங்களில் பாதிக்கு மேல் விட்டிருந்தார்கள். மருந்து ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். வேறுபட்டது, அந்தப் பெண்ணை அங்கே வரவேற்ற விதமாக இருக்கலாம்.

ஒரு கர்ப்பிணி வயிற்றுப் பிள்ளையின் நலம் பார்க்க வருகிறார். காலையில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். பகலுக்குள் உனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து, இந்த மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிடு என்று டப்பாவைக் கையில் கொடுக்கிறார்கள். உடம்பில் ஒரு வலியும் இல்லை. வீட்டில் கணவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டப்பாவை அசைத்தால் மாத்திரை குலுங்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். இந்த நிலையில் ஒரு பெண் மாத்திரையை எங்காவது போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால், அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

கர்ப்பத்தைத் தாண்டியவர்களுக்குச் சோதனை பிரசவத்துக்குப் பிறகு வருகிறது. எச்.ஐ.வி. உள்ள 20,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் பற்றிய 51 ஆய்வுகளை ஜீன் நாச்செகா குழுவினர் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் 75.7 சதவீதம் பேர் மாத்திரையைப் போதிய அளவு ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு அது 53 சதவீதமாக இறங்கியது. ஏழை நாடுகள் மட்டுமில்லை, பணக்கார நாடுகளும் இந்தக் கணக்கில் அடக்கம்.

காரணங்கள் தாய்மார்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பச்சை உடம்பு, தூக்கமில்லாத இரவு, மனச்சோர்வு. இதுவரை மாதம் தவறாமல் போன கர்ப்பகால மருத்துவமனை முடிந்துபோய், இனி வேறு இடத்தில், வேறு வரிசையில், வேறு நாளில் மாத்திரை வாங்க வேண்டும். அந்த வரிசையில் நின்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸுக்குக் காசில்லை; உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. இவற்றோடு, குழந்தைக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்ததும், வந்த வேலை முடிந்தது என்ற நிம்மதி. பிள்ளைக்காகச் சாப்பிடு என்று ஒன்பது மாதம் சொல்லிவிட்டு, பிள்ளை பிழைத்த பிறகும் ஏன் சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டவர்கள் நாம்தான்.

விட்டால் என்ன ஆகும்? சில வாரங்களில் வைரஸ் பழையபடி பெருகும். பால் குடிக்கும் குழந்தைக்கு அப்போது தொற்றலாம். எஃபவிரென்ஸும் நெவிரபினைப் போலவே உடம்பில் தங்கி மெல்லக் கரைவது. மற்ற இரண்டும் போன பிறகும் அது தனியாக நிற்பதால், விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவரின் உடம்பில் வைரஸ் அதற்கும் பழகிவிடலாம்.

பக்கத்தில் ஒரு பெண்

இதற்கான விடை மலாவிக்குத் தெற்கே, 2001லேயே பிறந்திருந்தது. கேப் டவுன் நகரத்தின் குரூட் ஷூர் மருத்துவமனையில் வேலை பார்த்த அமெரிக்க மகப்பேறு மருத்துவர் மிட்ச் பெஸ்ஸர், எச்.ஐ.வி.யோடு பிள்ளை பெற்ற பெண்களையே புதிய கர்ப்பிணிகளுக்குத் துணையாக உட்காரவைத்தார். ‘மதர்ஸ் டு மதர்ஸ்’ என்ற அந்த அமைப்பில் அவர்களுக்குப் பெயர் வழிகாட்டித் தாய்மார்கள். அவர்களுக்குச் சம்பளமும் உண்டு. டாக்டருக்கு ஐந்து நிமிஷம்கூட இல்லாத இடத்தில் இவர்களுக்கு நேரம் இருந்தது. மாத்திரையை எங்கே வைப்பது, கனவு எத்தனை நாளில் அடங்கும், கணவரிடம் எப்போது பேச்செடுப்பது என்பதெல்லாம் பட்டறிந்தவர்கள் இவர்கள்.

இப்படியொரு துணை உண்மையிலேயே பலன் தருகிறதா என்று மலாவி சோதித்துப் பார்த்தது. ‘ப்யூர்’ என்ற ஆய்வில் மையங்களை மூன்றாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்த மையங்களில் இரண்டு ஆண்டு கழித்துச் சிகிச்சையில் நீடித்தவர்கள் 66 சதவீதம். மருத்துவமனையில் சக தாய் ஒருவர் துணை நின்ற இடத்தில் 80 சதவீதம். ஊருக்குள்ளேயே துணை இருந்த இடத்தில் 83 சதவீதம். முடிவு 2017இல் வெளியானது. மாத்திரையை மாற்றவில்லை, கருவி வாங்கவில்லை. பேச ஓர் ஆள் இருந்தார், அவ்வளவே.

இதற்குள் ‘பி பிளஸ்’ மலாவியைத் தாண்டிப் பரவியிருந்தது. 2012இல் உலகச் சுகாதார நிறுவனம் அதன் நன்மைகளை ஒப்புக்கொண்டது. 2013 ஜூனில் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் அனைவருக்கும் ஆயுள் சிகிச்சை என்பதை இந்தியா 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 2015இல் ‘ஸ்டார்ட்’ என்ற ஆய்வு, உடல்நிலை நன்றாக இருக்கும்போதே சிகிச்சை தொடங்குவது நோயாளிக்கே நல்லது என்று உறுதிசெய்தது. தாயின் மீது மருந்தைத் திணிக்கிறோமா என்ற பழைய சந்தேகத்தின் பாதியை அது தீர்த்துவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், எச்.ஐ.வி. உள்ள எல்லாருக்கும் உடனே சிகிச்சை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதோடு ‘ஏ’, ‘பி’, ‘பி பிளஸ்’ என்ற பெயர்களுக்கெல்லாம் வேலையில்லாமல் போயிற்று. இன்று எஃபவிரென்ஸின் இடத்துக்கு டொலுடெக்ராவிர் வந்திருக்கிறது. வைரஸ் எளிதில் பழக முடியாத மருந்து அது.

2010இலிருந்து 2023க்குள் உலகில் ஆண்டுதோறும் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளின் எண்ணிக்கை 62 சதவீதம் குறைந்தது. குறைந்த பிறகும், 2023இல் மட்டும் சுமார் 1,20,000 குழந்தைகள். மருந்தே கிடைக்காத தாய்மார்களின் பிள்ளைகள் இவர்களில் உண்டு. தொடங்கிவிட்டு நடுவில் விட்ட தாய்மார்களின் பிள்ளைகளும் உண்டு.

சந்தேகத்தின் மற்றப் பாதி இங்கேதான் மீதி நிற்கிறது. எத்தனை பெண்கள் மாத்திரை தொடங்கினார்கள் என்று எண்ணிப் பெருமைப்படுவது எளிது, ஏனென்றால் அது ஒரே நாளில் முடிகிற வேலை. ஒரு மையத்தின் திறமையை அளக்க வேண்டுமானால், குழந்தை பால் மறந்து ஓராண்டு ஆன பிறகும் தாய் மாத்திரை வாங்க வருகிறாரா என்று பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் குற்றப் பத்திரிகை அவர் பெயருக்கு எழுதப்படக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் தாயையும் சேயையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பார்க்கட்டும். மாத்திரையைக் கொடுக்கும் முதல் நாளிலேயே ‘இது உனக்காக’ என்று சொல்லட்டும். பட்டறிந்த ஒரு தாயைச் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைக்கட்டும். கருவி இல்லாத குறையை மலாவி யோசனையால் கடந்தது. ஆள் போடாத குறையை எந்த யோசனையாலும் கடக்க முடியாது. அதற்குச் சம்பளம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.